கடலில்லா ஊரில் காற்றுக் கணக்கு

கர்ஜத்தில் ரயில் நின்றதும் பாதிப் பெட்டி வடா பாவ் வாங்க பிளாட்பாரத்தில் இறங்கிவிடும். மும்பையிலிருந்து புனே போகும் பெரும்பாலான வண்டிகளுக்கு இங்கேதான் வாலில் கூடுதல் எஞ்சின்களை மாட்டுவார்கள். முன்னால் இழுக்கிற எஞ்சினை மட்டும் நம்பிப் போர் காட் மலையில் ஏற முடியாது. 37 அடிக்கு ஓரடி ஏற்றம். 1863இல் இந்தப் பாதை திறந்த காலத்திலிருந்தே ரயில்காரர்களுக்கு இந்த ஏற்றம் பெரும்பாடுதான்.

சித்தப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னாலேருந்து தள்ளுறானா? நம்ம போட்டுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அவருடைய விசைப்படகு நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் கரையேறிக் கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சினைப் பிரிப்பது, பலகை மாற்றுவது, வண்ணம் பூசுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின் கடைசி சீசனில் இழுக்கவில்லை, கரும்புகை கக்கியது, டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் முள் பாதிக்கு மேல் ஏற மறுத்தது. பூஸ்ட் ஏறவில்லை என்றால் டர்போ போச்சு என்று ஒரு மெக்கானிக் சொல்ல, புது டர்போ போட்டார்கள். பெரிய தொகை. புதுசு போட்ட பிறகும் முள் அதே இடத்தில்தான் நின்றது. அந்த எரிச்சலோடுதான் சித்தப்பா இந்தப் பயணத்துக்குக் கிளம்பினார். அவர் மகன் புனே பக்கத்தில் கப்பல் எஞ்சினியரிங் படிக்கிறான். மகனைப் பார்ப்பது ஒரு சாக்கு, எஞ்சின்காரர் யாரிடமாவது நியாயம் கேட்பது இன்னொன்று. இந்தி கொஞ்சம் வரும் என்பதால் என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

மலையேறும்போது என் கைபேசியில் காற்றழுத்தம் காட்டும் செயலியைத் திறந்து வைத்தேன். கர்ஜத்தில் 1,000 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேலே காட்டியது. சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வர வர எண் இறங்கிக்கொண்டே போனது. 990, 975, 960. ஒவ்வொரு சுரங்கம் முடியும்போதும் பள்ளத்தாக்கு இன்னும் ஆழமாகத் தெரிந்தது. மே மாதக் காய்ந்த புல், இடையிடையே கருங்கல் சரிவு. மழை வந்துவிட்டால் இதே சரிவெல்லாம் அருவியாகிவிடும் என்று எதிரில் இருந்தவர் சொன்னார். லோனாவாலாவில் 940ஐயும் தாண்டிக் கீழே போயிருந்தது. கடலிலிருந்து சுமார் 620 மீட்டர் உயரம். அடிவாரத்தில் ஒரு மூச்சில் உள்ளே போகிற காற்றில் பதினாறில் ஒரு பங்கு இங்கே இல்லை. மனிதனுக்கு அது உறைக்காது, டீசல் எஞ்சினுக்கு உறைக்கும். டர்போ இல்லாத எஞ்சினை அடிவாரத்திலிருந்து இங்கே கொண்டுவந்தால் அதே டீசலை எரிக்கக் காற்று பற்றாமல் புகைவிடும்.

"அப்ப நம்ம போட்டுல மலை ஏறாமலே காத்து கொறையுதுங்கிறியா?" என்றார் சித்தப்பா. அந்தக் கேள்விக்கு ரயிலில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் சரியான கேள்வி அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

லோனாவாலாவில் எல்லோரும் சிக்கி வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம். இந்திய கடற்படையின் எஞ்சின் பள்ளியான ஐ.என்.எஸ். சிவாஜி இந்த ஊரில்தான் இருக்கிறது. 1945 பிப்ரவரியில் வெள்ளைக்காரன் காலத்துக் கடற்படை இதைத் தொடங்கியது. போர்க்கப்பலில் எஞ்சின் ஓட்டுகிறவர்கள் கடலே தெரியாத இந்த மலையுச்சியில் பழகிவிட்டுத்தான் கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் போகிறார்கள். உள்ளே விடமாட்டார்கள். நாங்களும் முயலவில்லை. லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவில் இறங்கினோம். அங்கிருந்து சாகண் போகிற சாலையில் இந்தூரி கிராமம். அங்கே தோலானி கடல்சார் கல்லூரி.

வெள்ளைச் சீருடையில் வந்து நின்ற பையனைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. ஐந்து நிமிடம்தான். பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஏன்டா, நீ படிக்கிற எஞ்சின்ல பூஸ்ட் கொறைஞ்சா என்ன பண்ணுவாங்க?"

பையன் சிரித்தான். பெரிய கப்பலில் அதைப் பூஸ்ட் என்று சொல்வதில்லையாம், ஸ்கேவஞ்ச் பிரஷர் என்பார்களாம். டர்போவே ஓர் ஆள் உயரம் இருக்கும். குறைந்தால் உடனே டர்போவைக் கழற்ற மாட்டார்கள். முதலில் டர்போவுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி, அடுத்து காற்றைக் குளிர்விக்கும் கூலர். கூலரின் முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசத்தைக் காட்ட, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார்கள். புதுக் கூலரில் எவ்வளவு வித்தியாசம் என்று பதிவேட்டில் இருக்கும். அது கூடிக்கொண்டே போனால் கூலரின் தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டது என்று பொருள். புகைப் பக்கத்து டர்பைனில் கரி படிந்தால், எஞ்சின் ஓடும்போதே அதற்குள் வால்நட் ஓட்டுத் தூளை ஊதிவிட்டுத் துலக்குவார்கள். சில கப்பல்களில் அரிசியையே போடுவார்களாம்.

"அரிசியையா?" சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். தஞ்சாவூர் சீமைக்காரருக்கு அது சம்மதமில்லை.

டர்போ மூச்சுத் திணறி ஊளையிடுவதையும் சொன்னான். அழுத்தி அனுப்பிய காற்று போக வழியில்லாமல் திரும்பிவந்து மோதும்போது எஞ்சின் அறையே அதிரும் ஒரு சத்தம். சர்ஜ் என்பார்கள். கடல் கொந்தளித்து புரொப்பல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து போகும்போதும் வரும், கூலர் அடைத்தாலும் வரும். டர்போ கத்தினால் டர்போ கெட்டது என்று நினைப்பவன் முதல் வருஷ மாணவன் என்று அவர்கள் வாத்தியார் சொல்வாராம். சித்தப்பா முகத்தில் நாகப்பட்டினம் மெக்கானிக் வந்து போனார்.

"எங்க காலேஜ்ல உங்க சைஸ் எஞ்சின் பத்தித் தெரிஞ்சவங்க கம்மிப்பா. கட்கில ஒருத்தர் இருக்காரு" என்று ஒரு முகவரி எழுதிக்கொடுத்தான். கூடப் படிக்கிற பையனுடைய தாத்தா. தமிழர்.

கட்கி, புனேயின் ஆங்கிலேயர் காலத்துக் கண்டோன்மென்ட். வெடிமருந்து ஆலை, ராணுவக் குடியிருப்பு, பழைய தேவாலயங்கள். ராணுவ வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல தலைமுறையாக இருக்கின்றன. கடைத்தெருவில் மராத்தி பேசிக்கொண்டிருந்த கிழவி நம்மைப் பார்த்ததும் "எந்த ஊருப்பா?" என்று கேட்கிறாள். கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்த லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை செய்யத் தொடங்கி, 1910இல் கிர்லோஸ்கர்வாடி என்று ஓர் ஊரையே உருவாக்கினார். அவர் மகன் சாந்தனுராவ் புனேவுக்கு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக் கிணற்று மேட்டில் டக் டக் என்று ஓடிய பம்ப்செட்டுகள் பலவற்றில் அந்தப் பெயர்தான் பொறித்திருந்தது. பிறகு 1962இல் அமெரிக்கக் கம்மின்ஸ் நிறுவனம் இவர்களோடு கூட்டுச் சேர்ந்து கோத்ரூடில் தொழிற்சாலை வைத்தது. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, கடலில் ஓடுகிற எஞ்சின்களின் ஊராகப் புனே ஆனது இப்படித்தான்.

முகவரியில் இருந்தவருக்கு எழுபதுக்கு மேல் வயது. பெயர் எழுத வேண்டாம் என்றார். வாழ்நாள் முழுக்க எஞ்சின் ஃபிட்டர். கொஞ்ச காலம் மும்பை சசூன் டாக்கில் மீன்பிடிப் படகுகளுக்கும் வேலை பார்த்திருக்கிறார். வீட்டு முன்னறையில் டீ வந்தது. மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பழைய டர்போவின் காற்றுச் சக்கரத்தை வைத்திருந்தார். உள்ளங்கை அகலம், அலுமினியம். அதை எடுத்து என் கையில் கொடுத்து, "ஓரத்தைத் தடவிப் பாருங்க" என்றார். ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல் இருந்தது. வடிகட்டி கிழிந்து மணல் உள்ளே போன எஞ்சினாம். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சக்கரத்துக்கு மணல் என்றால் தோட்டா. "டர்போ தானா சாகாது, அண்ணே. கொன்னவன் வேற எங்கேயாவது இருப்பான். அவனைப் புடிக்காம புதுசு போட்டா புதுசும் சாகும்."

சித்தப்பா கதையைத் தொடங்கினார். பெரியவர் அவரை இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். முள் காட்டுகிறது என்கிறீர்களே, அந்த மீட்டரை நம்பலாமா? எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற மேனிஃபோல்டிலிருந்து மீட்டருக்கு வருகிற சின்னக் குழாய் அடைத்திருந்தாலோ கசிந்தாலோ நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். வேறு மீட்டர் வைத்துப் பார்த்தோம், அதுவும் அதையேதான் காட்டியது என்றார் சித்தப்பா. எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? துறைமுகத்தில் கட்டிப்போட்டுக் கியர் போடாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி. பெரியவர் உச்சுக் கொட்டினார். லோடு இல்லாத டீசல் எஞ்சினில் பூஸ்ட் வராது. டர்போவைச் சுற்றுவது புகையின் சூடும் வேகமும்தான், லோடு ஏறினால்தான் அது வரும். கரையில் கட்டிவைத்து எடுத்த எந்த எண்ணும் கணக்கில் சேராது.

அடுத்தது புகை. கறுப்பு என்றதும் தலையாட்டினார். பூஸ்ட் குறைந்து புகையும் இல்லை, வேகமும் இல்லை என்றால் டீசல் போகவில்லை, ஃபில்டரைப் பார். பூஸ்ட் குறைந்தும் படகு முழு வேகத்தில் ஓடுகிறது, புகையும் இல்லை என்றால் எஞ்சினுக்கு வேலையே இல்லை, நோயும் இல்லை. கறுப்பு என்றால் டீசல் இருக்கிறது, காற்று இல்லை. அந்தக் காற்றை எங்கே தேடுவது என்பதில்தான் வேலை.

அந்தப் பகுதியை அவர் ரசித்துச் சொன்னார். டர்போவிலிருந்து கூலருக்கும் கூலரிலிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள், கிளாம்புகள். கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டி ஒரு கறுப்பு விசிறி வரைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரு முனையையும் தகடு வைத்து அடைத்து, டயர் பம்பால் ஒரு பார் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவு. குமிழ் காட்டிக்கொடுக்கும். புகைப் பக்கத்தில் மேனிஃபோல்ட் கேஸ்கெட் புகைந்தால் அந்த இடத்தில் கரிக்கோடு இருக்கும். டர்பைனுக்குப் போக வேண்டிய புகை அங்கேயே வெளியே போய்விடுகிறது. கடல் தண்ணீர் ஓடுகிற கூலர் என்றால் தண்ணீர்ப் பக்கம் உப்பும் சிப்பியும், காற்றுப் பக்கம் பிசுக்கு. எஞ்சின் ரூம் மூடியைத் திறந்து ஓட்டினால் பூஸ்ட் ஏறுகிறதா என்று பார். ஏறினால் குற்றவாளி எஞ்சின் அல்ல, அந்த அறையைக் கட்டிய ஆசாரி.

கப்பல் எஞ்சின்களுக்கான பொதுக் கணக்கில் அறைக் காற்று 45 டிகிரி, கடல் நீர் 32 டிகிரி என்று எடுத்துக்கொண்டுதான் குதிரைத்திறனைச் சொல்கிறார்கள். மே மாத வங்கக்கடலில் மூடிய எஞ்சின் ரூமுக்குள் 45 எம்மாத்திரம்?

"நாலு பலகைக்குள்ள அறுபது டிகிரியை அடைச்சு வச்சுட்டுக் காத்து எங்கேன்னு கேக்குறாங்க" என்றார் பெரியவர். சித்தப்பாவுக்குப் படகு கட்டிய ஆசாரி மச்சான் முறை. அவர் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. "எப்பலேருந்து இப்படி? அதுக்கு முன்னாடி எதை மாத்துனீங்க?"

எதையும் மாற்றவில்லை என்றார் சித்தப்பா. வலை மட்டும் கொஞ்சம் பெரிசு. அப்புறம் புரொப்பல்லர். எல்லாரும் போடுகிறார்கள் என்று இரண்டு அங்குலம் கூடுதலாகப் போட்டது.

பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "முழு ஆக்ஸிலரேட்டர்ல எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்?"

"அந்த மீட்டர் ரெண்டு வருஷமா ஓடலை."

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம், சித்தப்பாவும்தான். விஷயம் இதுதான். புரொப்பல்லரைச் சுழற்றத் தேவையான திறன், சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். பத்துச் சதவீதம் வேகம் கூட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகத் திறன் வேண்டும். அளவுக்கு மீறிய புரொப்பல்லரை மாட்டினால் 1,800 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சின் 1,500லேயே மூச்சு முட்டி நிற்கும். டீசல் அளவைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் முழு டீசலையும் ஊற்றும். ஆனால் சுற்று குறைவு, புகையின் அளவு குறைவு, டர்போ சோம்பி நிற்கும், காற்று வராது. கரும்புகை, சூடு, ஏறாத முள். டர்போ என்ன செய்யும் பாவம்? இப்படியே ஓட்டினால் பிஸ்டனும் வால்வும் வெந்துபோகும் என்றும் சொன்னார்.

டர்போவுக்கும் லோடுக்கும் இருக்கிற இந்தப் பொருத்தம் பெரிய இடத்திலும் தலைவலிதான். நீர்மூழ்கிகளைத் தேடுகிற ஐ.என்.எஸ். கமோர்டா 2014 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. அதன் நாலு எஞ்சின்களும் பீல்ஸ்டிக் நிறுவனத்தின் உரிமத்தில் கிர்லோஸ்கர் செய்தவை, ஒவ்வொன்றும் 3,888 கிலோவாட். அந்த வகைக் கப்பலுக்குப் பெரும்பாலும் ஊர்ந்து போகிற வேலை, திடீரென்று பாய வேண்டும். முழு வேகத்துக்கு ஏற்ற டர்போவை வைத்தால் ஊர்கிறபோது அது விழிக்காது. அதனால் எஞ்சினுக்கு இரண்டு டர்போ. குறைந்த லோடில் ஒன்று மட்டும் ஓடும், மொத்தப் புகையும் அதற்கே போவதால் அது துள்ளிச் சுற்றும். லோடு ஏறியதும் மற்றதும் சேர்ந்துகொள்ளும். 2025 ஏப்ரலில் ஆறு மெகாவாட் கப்பல் டீசல் எஞ்சினை இங்கேயே வடிவமைக்கக் கடற்படை கிர்லோஸ்கரோடு ஒப்பந்தம் போட்டது. 270 கோடி ரூபாய்த் திட்டம், 70 சதவீதம் அரசுப் பணம். இத்தனை காலம் உரிமம் வாங்கியே பெரிய கப்பல் எஞ்சின்களைச் செய்துவந்த நாடு இதைத் தாமதமாகத்தான் தொடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

மறுநாள் விடியலில் வேதாள் தேக்டி ஏறினேன். புனேக்காரர்கள் நடைப்பயிற்சிக்கு ஏறுகிற குன்று. மயில் கத்திக்கொண்டிருந்தது. 1966இல் தொடங்கிய, வண்டி எஞ்சின்களைச் சோதிக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் அதன் சரிவில்தான் இருக்கிறது. எஞ்சினுக்கும் குன்றுக்கும் பழைய உறவு உண்டு. புகையால் சுழலும் டர்போவுக்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கர் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் விமான எஞ்சின் ஒன்றை டர்போவோடு பைக்ஸ் பீக் சிகரத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், 14,000 அடி உயரத்து மெல்லிய காற்றில் ஓட்டிக் காட்டினார். ஆனால் பூக்கியின் யோசனை நிலைபெற்றது கடலில். 1920களில் பிராய்சன், ஹான்ஸெஸ்டாட் டான்சிக் என்ற இரு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் எஞ்சின்கள் டர்போவால் 2,500 தந்தன. எஞ்சின் பெரிதாகவில்லை, காற்றுதான் கூடியது.

குன்றின் மேலும் கைபேசியைப் பார்த்தேன். பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் சொல்லும். நாகையில் ஒன்றரை பார் என்றாலும் புனேயில் ஒன்றரை பார் என்றாலும் சிலிண்டருக்குள் போகிற காற்று ஒன்றல்ல. புனேயில் எஞ்சினைச் சோதிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் எண்ணை எழுதுவார்கள்.

கிளம்புகிற நாளில் புத்வார் பேட்டின் தப்கீர் கல்லிக்குப் போனோம். மின்சாதனங்களும் உதிரிகளும் குவிந்த சந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏற வேண்டும். சுற்று வேகம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கினார் சித்தப்பா. எஞ்சினின் முன் சக்கரத்தில் பளபளக்கும் ஒட்டுத்தாளை ஒட்டி, சிவப்பு ஒளியை அதன்மேல் அடித்தால் எண் வரும். கடைக்காரர் மேசை விசிறியில் ஒட்டிக் காட்டினார். சித்தப்பா தமிழிலேயே பேரம் பேசினார். கடைக்காரர் மராத்தியிலேயே விட்டுக்கொடுத்தார். புது டர்போ விலையில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்துச் சித்தப்பாவின் முகம் கறுத்தது.

தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போனபோது என் கைபேசியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். எஞ்சின் ரூம் மூடியைத் திறந்தும் மூடியும் காற்றழுத்தம் பார்த்ததில் இரண்டே புள்ளி வித்தியாசம். ஆசாரி மச்சான் தப்பித்தார். வலையில்லாமல் முழு வேகத்தில் 1,590 சுற்று. வலையை இறக்கி இழுத்தபோது 1,480. எஞ்சின் தகட்டில் பொறித்திருப்பது 1,800.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், புரொப்பல்லரை இறக்குங்க" என்றேன். சித்தப்பா உடனே சம்மதிக்கவில்லை. சின்ன புரொப்பல்லர் போட்டால் வலை இழுக்காது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இழுவைப் படகுக்கு வலை இழுக்கும்போது எஞ்சின் தன் சுற்றை எட்டினால்தான் முழுத்திறனும் வலைக்குப் போகும், இல்லாவிட்டால் புகையாகத்தான் போகும் என்று கட்கிப் பெரியவர் சொல்லியிருந்தார். இருவரையும் போனில் பேசவைத்தேன். அரை மணி நேரம் பேசினார்கள். அதில் பாதி சசூன் டாக்கில் பழைய நாளில் இறால் என்ன விலை போனது என்பது பற்றி.

பழைய அளவு புரொப்பல்லர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. அதையே தீட்டி மாட்டினார்கள். இப்போது வலையோடு 1,740 சுற்று வருகிறது, புகை தெளிந்துவிட்டது, முள் ஏறியிருக்கிறது. கழற்றிப் போட்ட பழைய டர்போவை யாருக்காவது விற்றுத் தர முடியுமா என்று சித்தப்பா என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.